முன்கூட்டியே நனைந்தவர்கள்

நாச்சிவலசு மனமகிழ் மன்றத்தின் புது நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டது ஒரு வியாழக்கிழமை காலை, ஊரில் முதல் ஆள் நனைந்தது அன்று மத்தியானம், ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை வரை ஆகிவிட்டது, ஏனென்றால் நடுவில் வெள்ளிக்கிழமைச் சந்தை இருந்தது, சனிக்கிழமை பனியன் கம்பெனிகளில் சம்பள நாள் இருந்தது, ஆள் நனைவதைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு ஓய்வுள்ளவர்கள் அந்த ஊரில் யாரும் இல்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டவள் மரகதம். மேஸ்திரியும் கொத்தனார்களும் வெள்ளைப் பூச்சு வேலையை முடித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கிளம்பியபோது, குளம் நிரம்பும்வரை கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சித்தாளான அவளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். புதுப்பூச்சு பச்சைப்பிள்ளை மாதிரி என்று குளத்தைக் கட்டிக் கொடுத்த இன்ஜினியர் சொல்லியிருந்தார். நீல டைல்ஸ் வரிசையின் பாதி உயரத்தைத் தொடும்வரை தண்ணீர் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் நின்றால், நின்ற உயரத்தில் குளத்தைச் சுற்றி ஒரு கோடு விழும், அந்தக் கோட்டை அப்புறம் யார் என்ன போட்டுத் தேய்த்தாலும் எடுக்க முடியாது, குளம் இருக்கிற காலம்வரைக்கும் அதுவும் இருக்கும். தண்ணீர் வருகிற ஓஸ் குழாயின் வாய் பூச்சில் உரசக் கூடாது. நிரம்பி முடிகிறவரை உள்ளே மனிதக் கால் படக் கூடாது, நாய்க் கால் படக் கூடாது, தாகத்துக்கு வருகிற காக்கையைக்கூடக் கையைத் தட்டித்தான் விரட்ட வேண்டும், கல்லை எடுத்து எறியக் கூடாது.

மரகதம் பனியன் கம்பெனி வாசலில் பொறுக்கிய வேஸ்ட் துணியைச் சுருட்டி, தலைக்குச் சும்மாடு சுற்றுகிற அதே கைப்பழக்கத்தில் ஓஸின் வாயைச் சுற்றிக் கட்டி, கயிற்றில் விட்டு ஆழமான மூலையில் இறக்கி வைத்தாள். தண்ணீர் துணிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் ஊறி வந்து வெள்ளைத் தரையில் பரவியது. ஊர் போர்வெல் தண்ணீரில் செம்மண் நிறம் ஏறும் என்பதால் ஆற்றோரக் கிணற்றிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. லாரிகள் மேட்டிலிருந்த சிமெண்டுத் தொட்டியில் கொட்டின, தொட்டியிலிருந்து வால்வு வழியாக ஓஸுக்கு வந்தது, ஒரு லாரித் தண்ணீர் தீர்வதற்குள் அடுத்த லாரி மன்றத்து வாசலில் நின்றாக வேண்டும். முக்கால்வாசி லாரிகளை ஓட்டி வந்தவன் நல்லமுத்து. அவன் வாயில் ஒரு சங்கதியைப் போட்டால் அடுத்த நடை லாரி வருவதற்குள் அது ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட அவனிடம் மரகதம் ஒரு சங்கதியைப் போட்டிருந்தாள். பதினாறு வயதிலிருந்து கல்லும் மண்ணும் கலவையும் சுமந்து சுமந்து அவள் கழுத்து தோளுக்குள் பாதி இறங்கியிருந்தது. பூச்சு வேலையின்போது ஒருநாள் இன்ஜினியர் தன் செல்போனில் ஒரு படம் காட்டினார், எந்த ஊரோ, ஒரு ஆள் நீச்சல் குளத்துத் தண்ணீர்மேல் கையை விரித்து, தொந்தி வானத்தைப் பார்க்க, கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவன் நீந்தவில்லை, குளிக்கவில்லை, சும்மா கிடந்தான், தண்ணீர் அவனைச் சுமந்துகொண்டிருந்தது. மரகதம் அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது, சாவதற்குள் ஒரு தடவை அப்படிப் படுக்க வேண்டும். குளமோ மன்றத்து உறுப்பினர்களுக்கானது, அவர்களோ நூல் மில்லும் சாயப் பட்டறையும் வைத்திருப்பவர்கள், வாசலில் பலகை எழுதி மாட்டிக்கூட ஆகிவிட்டது. ஆனாலும் கூடவே இருந்து நிரப்பியவளை ஒரு சாயங்காலம் ஒரு ஓரமாக விட மாட்டார்களா என்று அவள் நினைத்தாள், நினைத்ததை நல்லமுத்துவிடம் சொன்னாள்.

முதலில் நனைந்தவன் எலாஸ்டிக் கடை குழந்தைவேல். மன்றத்து வாசலுக்கு எதிரே இருக்கிற கண்ணம்மக்கா டீக்கடையில், வெயில் தார் ரோட்டில் அலையடித்துக்கொண்டிருந்த நேரத்தில், பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தவனுடைய தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டி தம்ளரில் விழுந்தது, சட்டை முதுகோடு ஒட்டியது, வேட்டி கனத்தது. மாமன் மகள் சாந்தாமணிதான் பின்னாலிருந்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று அவன் முடிவு கட்டினான், அம்மன் கோயில் நோம்பி முடிகிற அன்று முறைக்காரர்கள்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது அங்கே வழக்கம், நோம்பிக்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தாலும் அவளுக்கு அவசரமாக இருக்கலாம் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. சொட்டச் சொட்ட அவள் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்டான். சாந்தாமணி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்ற மேல ஊத்தறதுக்கு மஞ்சத்தூள் தண்டம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன்மேல் மஞ்சளும் இல்லை. காய்ந்த பிறகு தோளிலும் காது மடலிலும் மாவு மாதிரி ஒரு வெள்ளைத் தூள்தான் படிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஆட்கள் வரிசையாக நனைந்தார்கள். ரேஷன் கடையில் அரிசி நிறுப்பவர் தராசுத் தட்டுமேல் சொட்டினார். பூக்கட்டுகிற வசந்தாமணி நனைந்து அவள் மடியிலிருந்த மல்லிகை அன்று வாடவே இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் எழுதிக்கொண்டிருந்த சாக்பீஸ் கையிலேயே கரைந்து போனது, பிள்ளைகள் விடையை அவர் நனைவதற்கு முன்னால் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நனையவுமில்லை. சிலர் முழுக்க நனைந்தார்கள், சிலர் இடுப்புவரை, சிலருக்குக் கணுக்கால் மட்டும், நில அளவை ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கு வலது கையின் ஒரே ஒரு விரல் மட்டும் நனைந்தது, அவர் நாள் முழுக்க அதைக் காற்றில் நீட்டிப் பிடித்தபடியே கடைவீதியில் நடந்து வந்தார்.

ஊர் இதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, ஆக வேண்டியதைப் பார்த்தது. கண்ணம்மக்கா டீக்கடைக்குப் பின்னால் கொடி கட்டி நனைந்தவர்களுக்கென்று நாலு துண்டு தொங்கவிட்டாள், நனைந்தவர்கள் பெஞ்சின் வெயில் பட்ட பக்கம் உட்காருவது என்று தானாகவே ஏற்பட்டது. பனியன் கம்பெனியில் வெள்ளைத் துணி செக்கிங்கில் இருந்த பெண்களில் நனைந்தவர்களைக் கறுப்புத் துணிப் பக்கம் மாற்றினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்கள் "நனைஞ்சவங்க படிக்கட்டுப் பக்கம்" என்று குரல் கொடுத்தார்கள், நனைந்தவர்களும் சரியென்று நகர்ந்து நின்றார்கள். யாருக்கும் சளி பிடிக்கவில்லை, அதனால் டாக்டரிடம் கேட்க ஒன்றும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணம்மக்கா துண்டுகளை உதறி அதிலிருந்த வெள்ளைத் தூளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மரகதம் டீக்கு வந்தாள். பார்த்தவுடனே அவளுக்கு முகம் மாறிவிட்டது. அது குளத்துப் பூச்சின் தூள். புதுப்பூச்சு தண்ணீருக்குள் விடுகிற மாவு, இத்தனை நாள் அவள் கால் நகத்திலும் சேலைக் கரையிலும் பார்த்துப் பழகிய மாவு. தன் குளத்திலிருந்து ஏதோ பறந்து வந்து ஊரைக் கெடுக்கிறது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் அவள் அதைச் சொன்னாள். தொட்டிக்கு லாரியைத் திருப்பி நிறுத்திவிட்டு வந்த நல்லமுத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற குரலில், இதிலென்ன இருக்கிறது, அந்தக் குளத்தில் இறங்கப் போகிறவர்கள் எல்லாரும் முன்கூட்டியே நனைகிறார்கள், அவ்வளவுதான் என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் யோசித்துப் பார்த்தார்கள், கணுக்கால் நனைந்தவர் படியில் உட்கார்ந்து காலை மட்டும் விடப் போகிறவர், விரல் நனைந்த பெரியவர் சூடா சில்லிப்பா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வரப் போகிறவர், சரியாகத்தான் இருந்தது. அதோடு அந்த விஷயம் முடிந்தது, அடுத்த பேச்சு யார் நனைந்தார்கள், யார் நனையவில்லை என்பதற்குப் போனது.

அதற்குப் பிறகு நனைவது ஊரில் ஒரு மரியாதை ஆகிவிட்டது. கல்யாணப் பேச்சுக்குப் போன இடத்தில் மாப்பிள்ளை எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறார் என்று விசாரித்தார்கள். நனையாத சிலர் வீட்டுக்குள்ளேயே ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, தோளில் முகப்பவுடரைத் தட்டிக்கொண்டு கடைவீதிக்கு வந்தார்கள், கண்ணம்மக்கா அவர்களைக் கிட்டே கூப்பிட்டு மோந்து பார்த்து, ரோஜாப்பூ வாசமடித்தால் துண்டு தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பினாள். அசல் நனைவில் ஈரச் சுண்ணாம்பு வாசம்தான் வரும்.

மரகதம் நனையவில்லை. ஓஸை நகர்த்தும்போது கையில் படுகிற தண்ணீர் கணக்கில் வராது, அது எல்லா வேலையிலும் படுவது. அவள் காலையில் எழுந்ததும் பின்னந்தலையைத் தொட்டுப் பார்த்தாள், மத்தியானம் முக்காட்டை விலக்கித் தொட்டுப் பார்த்தாள், சாயங்காலம் லாரிக் கண்ணாடியில் பார்த்தாள், முடி வெயிலில் கிடந்த தேங்காய் நார் மாதிரி மொறமொறவென்று இருந்தது. ஒவ்வொரு நடையும் லாரியிலிருந்து குதிக்கும்போதே நல்லமுத்து "மரகதக்கா, நனைஞ்சியா?" என்று கேட்பான், அவள் இல்லையென்று தலையாட்டுவாள், கடைசியில் அவன் கேட்பதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினான், அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, முதலில் ஆழப்பக்கம் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பால் ஊற்றிய மாதிரி இருந்தது, பிறகு படிகளை ஒவ்வொன்றாக மூடியது, நீல டைல்ஸை நோக்கி விடாமல் ஏறியது, அவளுக்கில்லாத தண்ணீரை அவள் ஒரு சொட்டுத் தடங்கல் இல்லாமல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மன்றத்துச் செயலாளர் தெய்வசிகாமணிக்கு வேறு கவலை. நனைந்தவர்களை அவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் மன்றத்து வாசலுக்குள் காலே வைக்க முடியாதவர்கள். உறுப்பினர்களில் நனைந்தவர்கள் சொற்பம், அதிலும் துணைத்தலைவர் நனைந்த முறை நன்றாக இல்லை, ஏலக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் தண்ணீர் போய் வெகுநேரம் இருமினார். நனையாத உறுப்பினர்கள் தினமும் செயலாளர் வீட்டுக்கு வந்து, தாங்கள் இறங்காத குளத்தில் ரேஷன் கடைக்காரன் இறங்கப் போகிறான் என்றால் சந்தா எதற்கு என்று கேட்டார்கள். தெய்வசிகாமணி கெட்டவர் இல்லை, யாரையும் அடித்து விரட்டுகிற மனசு அவருக்குக் கிடையாது, ஆனால் எல்லாரும் தன்னை நல்லவர் என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசை அவருக்கு உண்டு, அதனால் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் வந்து தண்ணீரை நிறுத்து என்றார். மரகதம் கோடு விழும் என்றாள். இன்ஜினியருக்கு போன் போட்டுக் கொடுத்தாள், மன்றமே நிறுத்தச் சொல்லி நிறுத்தினால் பூச்சுக்குத் தான் கொடுத்த உத்தரவாதம் செல்லாது, கோட்டோடு குளத்தை வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவர் சொன்னார். செயலாளர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் நீல டைல்ஸுக்கு ஒரு முழம் கீழே இருந்தபோது, ஒரு மத்தியானம் அவர் தனியாக வந்தார். வெள்ளைச் சட்டை கசங்காமல் பார்த்துக்கொண்டு காலி சிமெண்டுப் பையை மடித்துப் போட்டுத் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்லமுத்து அடுத்த நடைக்குப் போயிருந்தான்.

"ஏம்மா மரகதம், உனக்கு இதுல எறங்கிப் படுத்துக்கோணும்னு ஆசையாமா?"

"நல்லமுத்து சொன்னானுங்களா?"

"அவன் ஊருக்கே சொல்லியிருக்கறான்."

அப்புறம் அவர் மெதுவாக விளக்கினார். மன்றம் சொல்லி நிறுத்தினால்தான் தப்பு. காவலுக்கு இருந்தவள் அசந்து தூங்கிவிட்டாள், வால்வு மூடிக்கொண்டது, கோடு விழுந்துவிட்டது என்றால் அது யார்மேலும் குற்றமாகாது, தூக்கம் எல்லாருக்கும் வருவதுதான். இன்ஜினியர் வந்து பார்த்துத் தண்ணீரை இறைத்துப் பூச்சைக் கொத்தி மறுபடியும் பூசுவார், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும், மழையில் எல்லாரும் ஒரே மாதிரி நனைந்து யார் எதற்கு நனைந்தார்கள் என்பதே மறந்து போகும். நனைந்தவர்களுக்கும் அதில் நஷ்டமில்லை, அவர்கள்தான் ஏற்கெனவே ஒரு தடவை நனைந்தாயிற்றே.

"நீயோ நனையிலை. இதுல உனக்குன்னு ஒண்ணும் இல்லை," என்றார். "வால்வை மூடு. மறுக்கா நிரம்புன அன்னைக்கு, எல்லாத்துக்கும் முன்னால, உன்னையத் தனியா எறக்கி உடறேன். ஆரும் பாக்க மாட்டாங்க. உன்ற இஷ்டத்துக்குப் படுத்துக்க."

மரகதம் எழுந்து வால்வுக்குப் போனாள். வால்வுச் சக்கரம் வெயிலில் சுட்டது, முந்தானையைச் சுற்றிப் பிடித்தாள். கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது, ஓஸ் வாயிலிருந்து ஒரு மெல்லிய மடிப்பு மட்டும் எழுந்து எழுந்து பரவியது. நாலு சுற்றுச் சுற்றினால் போதும். தனியாக, யாரும் பார்க்காமல், கையை விரித்து, கண்ணை மூடி. அவள் ஒரு சுற்று சுற்றினாள், மடிப்பு சின்னதானது. இன்னொரு கை தன்னால் பின்னந்தலைக்குப் போனது. அங்கே கை வைத்தபடி அவள் வெகுநேரம் நின்றாள், செயலாளர் அவள் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று நினைத்துக் காத்திருந்தார். அப்புறம் அவள் சக்கரத்தைத் திருப்பிச் சுற்றி முழுசாகத் திறந்துவிட்டாள்.

"நீங்க சொல்றது நடக்கறதா இருந்தா, நான் இந்நேரத்துக்கு நனைஞ்சிருக்கோணுமுங்க," என்றாள். "மண்டை காஞ்சு கெடக்குது பாருங்க."

ஊரெல்லாம் நம்பியதைத்தான் தெய்வசிகாமணியும் நம்பினார். தான் நிஜமாகத்தான் சொன்னதாக அவருக்கே தோன்றியது, ஆனால் காய்ந்த தலை கண்முன்னால் இருக்கும்போது அதை எப்படிச் சாதிப்பது. எழுந்து நிற்கலாம் என்று சிமெண்டுப் பைமேல் கையை ஊன்றியவருக்குச் செருப்புக்குள் சில்லென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, சட்டைப் பையிலிருந்து பேனாமசி நீலமாக இறங்கியது, ஈரம் கழுத்துவரை வந்து நின்றது. அவர் அவசரமாகச் செல்போனை எடுத்து உதறினார்.

"துண்டு எங்க கெடைக்கும்?" என்று கேட்டார்.

"எதுத்தாப்புல கண்ணம்மக்கா கடைலீங்க. வெயில் பக்கமா உக்காருங்க."

மன்றத்துக் கூட்டத்துக்கு அவர் நனைந்தபடியேதான் போனார், போனவர் அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொன்னார். குளம் நிரம்பிய பிறகு புதுப்பூச்சு தூள் விட்டுக்கொண்டே இருக்கும், காலையும் சாயங்காலமும் சுவரையும் படியையும் அடியையும் நைலான் பிரஷ்ஷால் துலக்க வேண்டும், இது இன்ஜினியர் சொல்லியிருப்பது. குளத்தில் உறுப்பினர்தான் குளிக்கலாம் என்று மன்றத்தின் விதி சொல்கிறது, யார் துலக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை. ஊரில் நனைந்தவர்கள் குளிக்க வரவில்லை, துலக்க வருகிறார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துணைத்தலைவர் இருமியபடி ஆமோதித்தார். அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லாததால் எல்லாரும் கைதட்டினார்கள்.

தண்ணீர் நீல டைல்ஸின் பாதியைத் தொட்டது, கோடு எங்கும் விழவில்லை. இன்ஜினியர் வந்து மோட்டாரைப் போட்டு, மருந்து கலந்து, சோதித்து, இனிமேல் ஆள் இறங்கலாம் என்றார். அன்றைக்கு மன்றத்து வாசலில் கூட்டமான கூட்டம், எல்லாருக்கும் கையில் பிரஷ், பிரஷ் கிடைக்காதவர்கள் பாத்திரம் துலக்குகிற நாரைக் கொண்டு வந்திருந்தார்கள், ஒருவர் பல் விளக்குகிற பிரஷ்ஷையே கொண்டு வந்தார். வாசலில் நின்று பூச்சில் எப்படித் தேய்க்க வேண்டும், எந்தப் பக்கமாகத் தூளைத் தள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பியது மரகதம். பூக்கட்டுகிற வசந்தாமணி சுவரைத் தொட்டுக்கொண்டே முழுச் சுற்று போனாள். ரேஷன் கடைக்காரர் மூழ்கி எழுந்து மூழ்கி எழுந்து படியின் ஒரே இடத்தைத் துலக்கினார். துணைத்தலைவருக்கு வாய்க்குள் தண்ணீர் போனது, கணக்கு டீச்சர் முதுகில் தட்டினார். விரல் நனைந்த பெரியவர் குனிந்து தொட்டுப் பார்த்து, சில்லிப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக் கழுத்தளவுத் தண்ணீரில், பிரஷ்ஷை உயர்த்திப் பிடித்தபடி, எல்லாரும் தன்னை நல்லவர் என்று சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தைவேல் ஆழப்பக்கம் போய்ப் போய் வந்தான். சாந்தாமணி நனையாதவள், கரையில் நின்றுகொண்டு, அவன் துலக்கிய இடத்திலெல்லாம் அழுக்கு அப்படியே இருக்கிறது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

இப்படியே தினமும் நடந்தது, பூச்சு தூள் விடுவது குறைந்தது, மரகதத்தின் வேலையும் முடிந்தது. மேஸ்திரி பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலம் நல்லமுத்து லாரியில் அவளுடைய பெட்டியையும் கலவைச் சட்டியையும் ஏற்றிவிட்டு வாசலில் நின்று ஆரன் அடித்தான். மரகதம் ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே சுருட்டிய ஓஸ்தான், பிரித்து மறுபடியும் சுருட்டினாள். தண்ணீரில் பாதி ஊர் இருந்தது. துண்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டு போக வந்த கண்ணம்மக்கா அவள் எதிரில் வந்து நின்றாள்.

"எறங்கு, அம்மிணி."

"நான் நனையிலியேக்கா."

"அதுக்கு?"

"எனக்கில்லைன்னு அர்த்தமுங்க்கா அது."

"அர்த்தத்தைக் கரையேறுன பொறகு பாத்துக்கலாம். எறங்கு."

தண்ணீரில் இருந்தவர்கள் துலக்குவதை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். மரகதம் ஓஸைக் கீழே வைத்தாள். அந்தப் படியில் அவள் கால் பட்டு எத்தனையோ நாளாகியிருந்தது, பூசும்போது மண்டிபோட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய படி. முதல் படியில் கால் வைத்தாள், சில்லிப்பு தெரிந்தது, அடுத்த படியில் முழங்கால், அடுத்த படியில் இடுப்பு. சேலை நிறம் மாறவில்லை. கரையில் இருக்கும்போது எப்படி இருந்ததோ அப்படியே, மடிப்புக் கலையாமல், தண்ணீருக்குள் நின்றது. எப்படிப் படுப்பது என்று தெரியாமல் அவள் நின்றபோது குழந்தைவேல் வந்து ஒரு கையைப் பிடரிக்குக் கீழே கொடுத்து, வானத்தைப் பாருங்கக்கா என்றான், அவள் பார்த்தாள், கால் தன்னால் மேலே வந்தது, அவன் கையை எடுத்துவிட்டான்.

அவள் படுத்தாள். கட்டிலில் படுக்கிற மாதிரிகூட இல்லை, கட்டிலுக்கு முதுகு எங்கே இருக்கிறதென்று தெரியும், இதற்கு அதுவும் தெரியவில்லை. கொண்டை அவிழ்ந்து முடி தண்ணீர்மேல் விரிந்து கிடந்தது, ஒரு இழைகூட நனையாமல், காற்றடித்தபோது ஓரங்கள் லேசாகப் பறந்தன. தோளுக்குள் இறங்கியிருந்த கழுத்து மெல்ல வெளியே வந்து நீண்டது, அவளுக்கு இவ்வளவு நீளமான கழுத்து இருந்ததா என்று வசந்தாமணி டீச்சரிடம் கேட்டாள்.

கண்ணம்மக்கா விரித்து வைத்திருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதுக்குத்தான் காஞ்சே கெடந்தயா நீ," என்றாள்.

தெய்வசிகாமணி பிரஷ்ஷைப் பிடித்தபடியே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் கிட்டே வந்தார். வெகுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொல்கிறவர்போல, குரலைத் தணித்து, "மரகதம், நான் அன்னைக்கு நெசமாத்தான் சொன்னேன்," என்றார்.

"இருக்கட்டுமுங்க," என்றாள் மரகதம், கண்ணைத் திறக்காமல்.

வாசலில் மறுபடியும் ஆரன் கேட்டது. ரொம்ப நேரமாகியும் யாரும் வராததால் நல்லமுத்து திட்டிக்கொண்டே உள்ளே வந்தான், இருட்டுவதற்குள் பல்லடம் தாண்ட வேண்டும் என்று பாதிதான் சொல்லியிருப்பான். குளத்தைப் பார்த்தான். திரும்பிப் போய் லாரி எஞ்சினை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, கரையில் ஒரு ஓரமாக உட்கார்ந்தான்.